கப்பில் பச்சை, தொட்டியில் கஞ்சி: திசு வளர்ப்புச் செடி கெட்டால் எங்கே பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணிக்கு கோலாலம்பூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, செடியெல்லாம் கஞ்சி மாதிரி ஆயிடுச்சு. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?" நட்டு எத்தனை நாள் என்று கேட்டேன். ஆறு நாள். "டார்ச்சைக் கிட்ட பிடிச்சு, நடுவுல குருத்து நிக்குதான்னு பாருடா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஊசி முனை மாதிரி ஏதோ பச்சையா இருக்கு மாமா" என்றான். சரி, போய்த் தூங்கு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பினாங்கில் என் வீட்டில் இருப்பது இரண்டடி மீன்தொட்டி. அதில் நடுவதற்கு நான் வாங்குவது, ஆய்வகத்தில் துளித் திசுவிலிருந்து வளர்த்து மூடிய கப்பில் விற்கும் நீர்ச்செடிகள். இந்தக் கப் செடிகளில் நான் விட்ட காசைக் கணக்குப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அதில் பாதி செத்துப்போன செடி. மீதிப் பாதி, செத்துவிட்டது என்று நானாக நினைத்துப் பிடுங்கிப் போட்டது. இந்த இரண்டாவது பாதியைத்தான் உங்களுக்கு மிச்சப்படுத்தப் பார்க்கிறேன்.

கோளாறுகளுக்குப் போகுமுன் கப்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை. அடியில் இருக்கும் ஜெல் வேறொன்றுமில்லை, தீபாவளிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றி அம்மா செய்கிற அகர் அகரேதான். அந்தப் பெயரே மலாய்ச் சொல். ஆய்வகம் வரைக்கும் போய்விட்டது. அதில் சத்து உப்புகள் கலந்திருக்கும். உலகம் முழுக்கப் பெரும்பாலும் பயன்படுவது, 1962-இல் முராஷிகியும் ஸ்கூகும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த கலவை அல்லது அதன் மாற்று வடிவங்கள். அந்தக் கலவையில் லிட்டருக்கு 30 கிராம் சீனியும் சேர்ப்பது வழக்கம். ஒரு குவளைத் தேநீருக்கு இரண்டு கரண்டி சீனி போடுகிறவர் கணக்குத்தான்.

ஆக, கப்புக்குள் செடிக்குச் சாப்பாடு ஊட்டிவிடப்படுகிறது. வெளிச்சத்தில் உழைத்துத் தன் உணவைத் தானே சமைக்கும் வேலை அதற்கு அவ்வளவாக இல்லை. காற்றில் ஈரம் நூறு விழுக்காடு என்பதால் இலையின் மேல்தோல் மெழுகும் சரியாகப் படிவதில்லை. இன்னொன்று, கப்புக்குள் இருப்பது தண்ணீருக்கு வெளியே வளர்ந்த இலை. அதைத் தொட்டியில் முக்கியதும் சாப்பாடும் நின்றுபோகிறது, இருந்த இடமும் மாறிப்போகிறது. பழைய இலையைக் கைவிட்டுவிட்டு, தண்ணீருக்கேற்ற புது இலையைச் செடி விட்டாக வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த மாற்றத்தில் வருபவை. அதனால் எப்போதும் குருத்தைப் பாருங்கள், இலையை அல்ல.

கப்பிலேயே ஏதோ சரியில்லை

கடையில் கப்பைக் கையில் எடுத்ததும் தலைகீழாகத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வேர் வெள்ளையாக, ஜெல் தெளிவாக இருந்தால் நல்ல சரக்கு. பஞ்சு மாதிரி வெள்ளையோ, பச்சை, கறுப்புத் திட்டுகளோ தெரிந்தால் பூஞ்சை உள்ளே போய்விட்டது. வேறு கப் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தீர்கள் என்றால் உடனே பிரித்து, பூஞ்சை தொட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை அலசி அன்றைக்கே நட்டுவிடுங்கள். பூஞ்சைக்குச் சீனி வேண்டும். ஜெல்லை எடுத்துவிட்டால் தண்ணீருக்குள் அதற்குப் பிழைப்பு இல்லை.

ஜெல் தண்ணீராக ஆடுகிறதா? வெயிலில் உருகிவிட்டது என்று கடையில் சொல்வார்கள். அகர் உருக 85 பாகை அளவுக்குச் சூடு வேண்டும். நம் ஊர் மத்தியான வெயிலில் தீபாவளித் தட்டில் அது கெட்டியாகத்தானே உட்கார்ந்திருக்கிறது! கூரியரில் குலுங்கி உடைந்து நீர் விட்டிருக்கலாம். சில ஆய்வகங்கள் ஜெல்லே போடாமல் திரவத்தில் வளர்ப்பதும் உண்டு. திரவம் தெளிவாக இருந்தால் பயமில்லை. பாலாகக் கலங்கி, திறந்தால் புளித்த வாடை வந்தால் பாக்டீரியா. வாங்காதீர்கள்.

காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் போயிருக்கிறேன். ஒரு வாழையிலைச் சாப்பாடு முடித்து வருவதற்குள் மூடிய காருக்குள் இரண்டு கப் வெந்த கீரையாகிவிட்டது. வாங்கிய செடியை உடனே நட முடியாவிட்டால் மூடியைத் திறக்காமல், நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரம் தாங்கும். குளிர்பெட்டி வேண்டாம்.

நட்ட மறுநாள் காலை எல்லாம் மேலே மிதக்கிறது

இது செடியின் கோளாறு இல்லை, கையின் கோளாறு. மொண்டி கார்லோ, கியூபா மாதிரித் தரைவிரிப்புச் செடிகளைப் பெரிய கொத்தாக நட்டால் மிதக்கத்தான் செய்யும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குத் துண்டு போடுங்கள். நீளமான இடுக்கியில் வேர்ப்பக்கத்தைக் கவ்வி, சாய்வாகக் குத்தி இறக்கி, இலை நுனி மட்டும் வெளியே தெரியும்படி விட்டுவிட்டு, இடுக்கியை லேசாக ஆட்டியபடி உருவுங்கள். மண்ணைச் சேறாக ஈரப்படுத்தி, தண்ணீர் ஊற்றாமல் நடுவது இன்னும் சுலபம். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையைச் செடி மேல் விரித்து அதன் மேல் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள்.

ஒழுங்காக நட்டும் மிதந்தால் குற்றவாளி பெரும்பாலும் மீன். கோரிடோராஸ் மண்ணைக் கிளறும், அமானோ இறால் வேரோடு இழுக்கும். வேர் பிடிக்கும் வரை, இரண்டு மூன்று வாரம், அவற்றை வேறு தொட்டியில் வையுங்கள்.

இலை கண்ணாடியாகிக் கரைகிறது

மூன்றாம் நாளில் தொடங்கி இரண்டு வாரம் வரை நடக்கும். எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கரையும் இலை முதலில் ஒளி ஊடுருவுகிற மாதிரி ஆகும். நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கும். தொட்டால் விரலோடு வந்துவிடும். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, தண்டின் நுனியையோ கொத்தின் நடுவையோ பாருங்கள். என் தொட்டியில் ஒருமுறை கிரிப்டோகொரைன் வெண்டியையில் ஓர் இலைகூட மிஞ்சவில்லை. மண்ணிலிருந்து அரை விரல் அளவுக்கு ஒரு பழுப்புக் கட்டை மட்டும் நின்றது. இடுக்கியால் தட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. விட்டுவிட்டேன். இருபத்தி மூன்றாம் நாள், சுருட்டிய வெற்றிலை மாதிரி ஒரு செம்பழுப்புக் குருத்து எட்டிப் பார்த்தது. இலங்கை ஓடைகளில் பிறந்த செடி அது. வெள்ளம் வந்து இலையை அடித்துக்கொண்டு போனாலும் கிழங்கிலிருந்து எழுந்து பழகியது. அதைப் பிடுங்கி "வேர் இருக்கா" என்று பார்ப்பதுதான் நாம் செய்யும் கொலை.

குருத்து கெட்டியாக இருந்தால்: கரைந்த இலைகளைக் கத்தரித்து உறிஞ்சி எடுங்கள். வாரம் இரண்டு மூன்று முறை பாதித் தண்ணீர் மாற்றுங்கள். விளக்கை 6 மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள். இடம் மாற்றாதீர்கள். மருந்து எதுவும் ஊற்றாதீர்கள். முக்கியமாகத் திரவக் கார்பன் என்று விற்பது. பல பிராண்டுகளில் அது குளுட்டரால்டிஹைட், கிருமிநாசினி. வாலிஸ்னேரியா, மாஸ் எனும் பாசிச் செடிகள், யூட்ரிகுலேரியா ஆகியவை அதில் கரையும். ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கும் செடிக்கு அது எதற்கு?

குருத்தும் சேர்ந்து கொழகொழத்துவிட்டால் அந்தச் செடி போய்விட்டது. ஆனால் ஏன் போனது என்று பார்க்காமல் அடுத்த கப் வாங்காதீர்கள். நம் ஊரில் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

ஒன்று, சூடு. கடைகளில் செடி செழிப்பாக நிற்பதைப் பார்த்து ஆசைப்படுகிறோம். பல கடைகளில் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதில்லை. பெரும்பாலான செடிகள் 22 முதல் 26 பாகையில் சுகமாக இருக்கும். பினாங்கில் மேற்கு பார்த்த என் ஹாலில் மத்தியானம் மூன்று மணிக்குத் தொட்டி 30.5 காட்டும். சூடு ஏற ஏறச் செடியின் சுவாசம் கூடும், சேமிப்பு கரையும். தண்ணீரில் வாயு கரைவதும் குறையும். சின்ன மேசை விசிறி ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பை நோக்கி வைத்தேன். இரண்டு பாகை இறங்கியது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தண்ணீர் வேகமாக வற்றும், தினமும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். மேல் கண்ணாடியை எடுத்தால்தான் இது வேலை செய்யும். தாவிக் குதிக்கிற மீன் இருந்தால் வலை போடுங்கள்.

இரண்டு, கரியமில வாயு. கியூபா, சிவப்பு ரொட்டாலா வகையறாவை கரியமில வாயு சிலிண்டர் இல்லாமல் இந்தச் சூட்டில் கப்பிலிருந்து நேராக இறக்குவது சூதாட்டம். சிலிண்டர் வைத்திருப்பவர்கள், தண்ணீரில் அந்த வாயு எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் டிராப் செக்கரைப் பாருங்கள்: நீலம் போதாது, இளம்பச்சை சரி, மஞ்சள் மீனுக்கு ஆபத்து. இளம்பச்சை என்றால் ஏறக்குறைய 30 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 30 மில்லிகிராம். ஆனால் செக்கர் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், உடனே பார்த்து ஏமாறாதீர்கள். விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்துவிடுங்கள்.

மூன்று, புது மண். அக்வா சாயில் என்று விற்கும் நீர்ச்செடிச் சத்து மண்ணில் பல பிராண்டுகள் முதல் சில வாரங்கள் அம்மோனியா விடும். முதல் வாரம் தினமும் பாதித் தண்ணீர், இரண்டாம் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். அலுப்பான வேலைதான். ஆனால் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் குளோரின் நீக்கியைச் சேருங்கள். தண்ணீர்த் தடை முடிந்து குழாய் திரும்ப வரும் முதல் நாள் தொட்டிக்குப் பிடிக்காதீர்கள். கலங்கலாகவோ குளோரின் நெடியோடோ வரும். பினாங்கில் 2024 ஜனவரியில் நான்கு நாள் தடை வந்தபோது நான் முன்கூட்டியே இரண்டு வாளி பிடித்து வைத்தேன். வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லை, உங்களுக்கு மீன்தொட்டி கேட்கிறதா என்று கிடைத்த திட்டு தனி.

சிலிண்டரும் சில்லரும் வேண்டாம் என்பவர்கள் எளிய செடிகளில் தொடங்குங்கள்: கிரிப்டோகொரைன் வெண்டியை, அனுபியாஸ், ஹைக்ரோஃபிலா, பக்கோப்பா. பக்கோப்பா மொன்னியேரி என்று 20 ரிங்கிட் கொடுத்து நான் ஆசையாக வாங்கி வந்ததைப் பார்த்த என் மாமியார், "இது நீர்ப்பிரமி ஆச்சே மாப்பிள்ளை, வாய்க்கால்ல கெடக்கும்" என்றார். உண்மைதான்.

செடியைச் சுற்றி வெள்ளைச் சளி, தண்ணீர் பால் மாதிரி

ஜெல்லை முழுசாகக் கழுவவில்லை. அதில் இருக்கும் சீனி இப்போது பாக்டீரியாவுக்கு விருந்து. கப்பிலிருந்து செடியை மொத்தமாக உருவி, ஒரு கிண்ணம் சாதாரணத் தண்ணீரில் போட்டு, கீரை அலசுகிற மாதிரி விரல்களால் பிரித்து ஆட்டுங்கள். மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். வெந்நீர் விட்டால் ஜெல் கரையுமே என்று நினைக்காதீர்கள். 85 பாகைக் கதையை மேலே பார்த்தோம், அதற்கு முன்னால் செடி வெந்துவிடும். ஏற்கெனவே நட்டாகிவிட்டது, சளி படர்ந்துவிட்டது என்றால் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கள். ஃபில்டர் வாயைக் கொஞ்சம் உயர்த்தி நீர்ப்பரப்பு ஆடும்படி வையுங்கள், உயிர்வாயு குறையாது. மூன்று நான்கு நாளில் தெளியும்.

அடித்தண்டு கருத்து நாறுகிறது

புசெபலாண்ட்ராவிலும் அனுபியாசிலும் வருவது. புசே போர்னியோவுக்கு மட்டுமே சொந்தமான செடி. சரவாக் ஆறுகளில் பாறையைப் பிடித்துக்கொண்டு வளர்வது. காட்டில் பிடுங்கி விற்பதைவிடக் கப்பில் வருவதை வாங்குவது நல்லது என்பது என் கட்சி. ஆனால் பாறைச் செடியை மண்ணில் புதைத்தால் கிழங்கு, அதாவது அந்த அடித்தண்டு, அழுகும். வேர் மட்டும் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், கிழங்கு வெளியே இருக்க வேண்டும்.

அழுகல் தொடங்கிவிட்டால் இங்கே மட்டும் காத்திருக்காதீர்கள். வெளியே எடுத்து, பச்சை தெரிகிற இடம் வரை சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். மூக்கில் வைத்துப் பாருங்கள், அழுகின முட்டை வாடை அடிக்கும் பகுதி எல்லாம் குப்பைக்கு. மிஞ்சிய துண்டைக் கல்லில் நூலால் கட்டியோ ஒரு சொட்டு சூப்பர் குளூவால் ஒட்டியோ, நீரோட்டம் உள்ள பக்கம் வையுங்கள். கப் புசே ஒவ்வொன்றும் நகத்தளவுதான் இருக்கும். அதை ஒட்டி முடிப்பதற்குள் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பழகிக்கொள்ளுங்கள்.

பழுப்புத் தூசி, பச்சை நூல், கறுப்புத் தாடி

பழுப்புத் தூசி டயட்டம் எனும் நுண்பாசி. புதுத் தொட்டிக்கு வந்துபோகும் விருந்தாளி. தேய்த்து எடுங்கள், நெரைட் நத்தை இரண்டு விடுங்கள், சில வாரங்களில் தானாகப் போகும். பச்சை நூல் பாசி என்றால் செடி சாப்பிடாத வெளிச்சத்தைப் பாசி சாப்பிடுகிறது. விளக்கைக் குறையுங்கள், பல்துலக்கும் பழைய தூரிகையில் சுற்றி எடுங்கள். கறுப்புத் தாடி பெரும்பாலும் கரியமில வாயு ஏறி இறங்குவதால் வருவது.

கப் செடி பாசியோ நத்தையோ இல்லாமல்தான் வரும். அதற்குத்தான் அந்தக் காசு. பாசி வந்தது என்றால் அது உங்கள் தொட்டியிலேயே இருந்தது, அல்லது பக்கத்தில் வைத்த சட்டிச் செடியோடு வந்தது.

சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை

கரையும் கட்டம் தாண்டி ஒரு மாதம் ஆகியும் அப்படியே நிற்கிறது என்றால், எந்த இலையில் கோளாறு என்று பாருங்கள். அடியிலுள்ள பழைய இலை மஞ்சளானால் நைட்ரஜன் போதவில்லை. பழைய இலையில் குண்டூசித் துளைகள் விழுந்தால் பொட்டாசியம். உச்சிப் புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு. புது இலை சுருண்டு கோணலாக வந்தால் கால்சியத்தைச் சந்தேகியுங்கள். கோலாலம்பூர், பினாங்கு இரண்டு இடத்திலும் குழாயில் வருவது மென்னீர். கடினத்தன்மையை அளக்கும் சொட்டுமருந்துக் கருவி ஒன்று வாங்கிப் பாருங்கள். நான் 4 முதல் 6 பாகைக் கடினத்தன்மையில் வைத்திருக்கிறேன். தரையில் படராமல் மேலே மேலே நீண்டுகொண்டு போனால் வெளிச்சம் பத்தவில்லை.

கப்பில் மிச்சமிருக்கும் செடியைத் தூக்கிப் போடாதீர்கள். ஜெல்லைக் கழுவிவிட்டு, தாப்பாவ் வாங்கி வந்த மூடி வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் ஈர மண் பரப்பி நட்டு, ஜன்னலோரம் வையுங்கள். தினமும் ஒரு நிமிடம் மூடியைத் திறந்து மூடினால் போதும், இல்லாவிட்டால் பூஞ்சை பூக்கும். தொட்டியில் போட்டது கரைந்தாலும் கையில் ஒரு பிடி இருக்கும்.

இரண்டு மாதம் அருமையாக இருந்த தரைவிரிப்பு அப்படியே பெயர்ந்து மேலே வருகிறது

வெட்டாமல் ரசித்துக்கொண்டே இருந்துவிட்டீர்கள். மேல் அடுக்கு அடர்ந்து அடி அடுக்குக்கு வெளிச்சம் போகவில்லை; அது அழுகிப் பிடி விட்டுவிட்டது. பாயைப் போல மொத்தமாக வெளியே எடுங்கள், அடியிலுள்ள மஞ்சள் பகுதியை வெட்டித் தள்ளுங்கள், மேலிருக்கும் பச்சையை மறுபடி துண்டுபோட்டு நடுங்கள். இனிமேல் இரண்டு விரல் உயரம் வந்ததும் பாதியாக வெட்டுங்கள். வெட்டும்போது ஃபில்டரை நிறுத்திவிட்டு, மிதப்பதை வலையால் அள்ளுங்கள்.

அந்த வெட்டுத் துண்டுகள்தான் உண்மையான லாபம். தண்ணீருக்குள்ளேயே வளர்ந்த இலை அது, இன்னொரு தொட்டிக்குப் போனாலும் இந்த அளவுக்குக் கரையாது. போன வாரம் ஒரு கைப்பிடியை ஈரமான சமையலறைத் தாளில் சுற்றி, ஜிப் பையில் கொஞ்சம் காற்றோடு மூடி, கோலாலம்பூர் பஸ் ஏறிய அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். பையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஈரம் போதும். பஸ்ஸுக்கு அடியில் சாமான் அறையில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.